ஓர்ஸ் ஹில்லுக்குத் திரும்பிய மண்

லிஸ்பன் நகரத்தில் துணியை வீட்டின் முகப்பிலேயே காயப்போடுகிறார்கள். லண்டனில் பன்னிரண்டு வருடமாக உள்பாவாடையைக் குளியலறைக் கம்பியில் ஒளித்துக் காயவைத்த எனக்கு அது அதிசயமாக இருந்தது. பெரிய மாதா கோயிலுக்கு எதிரே, யாரோ ஒரு கிழவரின் நீளக் காற்சட்டை தெருவைப் பார்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நானும் என் கணவர் சிவபாதமும் நின்றோம். என் கைப்பைக்குள் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் திருகோணமலையில் கோணேசர் மலையடியில் அள்ளிய மண். மூன்று நாள் ஊர் பார்க்க என்றுதான் பயணச்சீட்டு எடுத்தோம். ஆனால் மாமாவைப் பொறுத்தவரை நாங்கள் வந்தது அந்த ஊரைச் சபிப்பதற்கு.

மாமா, அதாவது சிவபாதத்தின் தகப்பனார், திருகோணமலைத் துறைமுகத்தில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்று அங்கேயே ஓர்ஸ் ஹில்லில் வீடு கட்டியவர். பறங்கி என்று அவர் சொல்லும் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கடலில் தள்ளியதை நேற்று மத்தியானம் நடந்ததுபோலச் சொல்லுவார். நாங்கள் லிஸ்பன் போகப்போவதை அறிந்ததும், ஊரிலிருந்து லண்டன் வந்த ஒருவரிடம் டின்னையும் கடிதத்தையும் கொடுத்தனுப்பினார். அநியாயம் செய்தவனின் வாசலில் மண்ணை வாரித் தூற்றிச் சபிப்பது நம்மவர் வழக்கம்தானே. ‘அங்குள்ள பெரிய மாதா கோயில் வாசலில் மூன்று பிடி தூற்று. மிச்சத்தைக் கொண்டு வா, சாமியறையில் வைக்க வேண்டும். அவள் டின்னைத் தொடக்கூடாது’ என்று எழுதியிருந்தார். அவள் என்றது என்னை. என் பெயர் பிலோமினா. என் தகப்பனும் அதே துறைமுகத்தில் வேலை செய்தவர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்.

பதிவுக் கலியாணம் எழுதிய அதே கிழமைக்குள் சிவபாதம் என்னை ஓர்ஸ் ஹில் வீட்டுக்குக் கூட்டிப்போனார். விறாந்தையைத் தாண்டி உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கதிரை போட்டார்கள். மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பையிலும் எனக்கு விளிம்பு உடைந்த எனாமல் கோப்பையிலும் தேத்தண்ணி வந்தது. “பறங்கி விட்டிட்டுப் போன மிச்சத்தைத்தான் என்ர மகன் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான்” என்று மாமா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார், நான் கேட்கவேண்டும் என்றே உரக்கச் சொன்னார். அதையும் விழுங்கியிருப்பேன். வாசல் படலையடியில் திரும்பிப் பார்த்தபோது நான் இருந்த கதிரையை முற்றத்தில் கவிழ்த்துப்போட்டு வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் ஓடிய சத்தம் லண்டன் மழையிலும் எனக்குக் கேட்டிருக்கிறது. சிவபாதம் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல நடந்தார். ஒருநாளைக்கு இதற்கு வட்டியும் முதலுமாகத் தருவேன் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். மன்னிக்கச் சொல்லி பாதிரியார் எத்தனையோ பிரசங்கம் வைத்தார். என்னால் ஏலவில்லை.

லிஸ்பனில் சிவபாதம் சபித்து முடியும்வரை மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்று விரதம் பிடித்திருந்தார். விமான நிலையச் சுங்கத்துக்குப் பயந்து டின்னை என் பைக்குள் திணித்தவரும் அவரேதான். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, வாசலிலேயே தணல் போட்டுச் சாளை மீன் வாட்டினார்கள். அந்த வாசத்தோடு விரதம் போய்விட்டது. ஆறு மீன் சாப்பிட்டார். பரிமாறிய பெரியவர் எங்கள் ஊரைக் கேட்டார். சிலோன் என்றதும், நெடுநாள் பிரிந்த சொந்தக்காரரைக் கண்டவர்போலச் சிரித்து, “எங்கள் ஆட்கள் அங்கே வந்திருக்கிறார்கள்!” என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு சிவபாதம் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்த டின்னைக் காட்டி என்னவென்றார்.

“மண்,” என்றார் சிவபாதம். “என் தகப்பனாருக்காகக் கொண்டுவந்தது.”

பெரியவரின் முகம் மாறிவிட்டது. தகப்பன் செத்துப்போனார், மகன் கல்லறைக்கு மண் சுமக்கிறான் என்று விளங்கிக்கொண்டார் போலும். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார், சிலுவை போட்டார், மூன்று சின்னக் கிளாசில் சாராயம் கொண்டுவந்து எங்களோடு நின்று குடித்தார். சபிக்க வந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பிலோ, விரதமும் முறிஞ்சு போச்சு, நான் எறிஞ்சால் பலிக்காது. நீர் போய் எறிஞ்சிட்டு வாரும்.”

“நான் தொடக்கூடாதெண்டல்லோ உங்கட அப்பா எழுதினவர்?”

“அவருக்கு ஆர் சொல்லப் போறது?”

ஓம், ஆர் சொல்லப் போகிறார்கள். டின்னையும் கோப்பிக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோணேசர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய மலையடிக் கடலில் நீந்தப் பழகியவள் நான். அந்த மண்ணை எவருடைய வாசலிலும் எறிய மனம் வரவில்லை. கடை யன்னலடியில் பெரியவர் சிவப்புப் பூச்செடி ஒன்று வளர்த்திருந்தார். அதன் சாடியில் முழுவதையும் கொட்டித் தண்ணீரும் ஊற்றினேன். பிறகு மாதா கோயில் முற்றத்து ஒலிவ மரத்தடியில் குந்தி, கரண்டியால் கிண்டி டின்னை முக்கால்வாசி நிரப்பினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஊரிலும் சுற்றுலா போனதில்லை.

அந்த ஓகஸ்டில் லீவுக்கு ஊர் போனோம். எனக்கு அதே விறாந்தை, அதே கதிரை.

“தூத்தினியோ?” என்று மாமா கேட்டார்.

“ஓம் அப்பா, மூண்டு பிடி,” என்றார் சிவபாதம், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

மாமா டின்னைத் திறந்து பார்த்தார். “பறங்கியின்ர ஊருக்குப் போய் வந்ததில மண்ணே வெளுத்துப் போச்சு” என்று என் பக்கம் ஒரு பார்வை விட்டார். பிறகு இரண்டு கையாலும் ஏந்திச் சாமியறைக்குள் கொண்டுபோனார். நான் ஒருநாளும் காலடி வைக்காத அறை அது. யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோணேசர் படத்தடியில் டின்னை வைத்து, ஒரு சிட்டிகை எடுத்து, திருநீற்றுக் குறிக்கு நடுவே அழுத்திப் பூசி, கண்ணை மூடி நின்றார்.

இப்போதும் காலையில் குளித்ததும் அதைத்தான் பூசுகிறார் என்று சிவபாதத்தின் தங்கை, என் மச்சாள், எழுதுகிறாள். டின்னில் பாதிக்குமேல் இருக்கிறதாம். நீண்ட ஆயுள் கொடும் ஆண்டவரே என்று நான் மாமாவுக்காக மட்டும் தவறாமல் செபிக்கிறேன். எங்கள் மலை மண்ணில் லிஸ்பனில் ஒரு செடி பூக்கிறது, லிஸ்பன் மண் ஓர்ஸ் ஹில்லில் பூசை வாங்குகிறது, நான் லண்டனில் இருந்து இதை எழுதுகிறேன். மாமா மண்ணை முதலில் பூசிய அன்றைக்கும் படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தேன். நான் இருந்த கதிரையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்று, அந்த மண்ணை நெற்றியில் வைத்தபடி, நல்லாய்த் தண்ணீர் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார் மாமா.