சில்லுக்கு முன்னால் நாலு தேசிக்காய்

மஞ்சளாய் நாலு தேசிக்காய். இந்தியத் தமிழர் எலுமிச்சம்பழம் என்பார்கள். ஒரு ஞாயிறு காலை, நான் வேலை செய்த கராஜின் முற்றத்தில், பழைய பந்தயக் கார் ஒன்றின் நாலு சில்லுகளுக்கும் முன்னால் என் மனைவி அவற்றை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். எண்ணெய் ஊறிக் கறுத்த சீமெந்துத் தரையில் அவை விளக்குப் போலத் தெரிந்தன. தெருவில் போகிறவனுக்கும் தெரிந்திருக்கும். காணாமல் விட முடியாத பொருள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் தமிழரில் என் கராஜுக்கு வராதவர்கள் குறைவு. கொலோனிலிருந்தும் தேடி வருகிறார்கள். எஞ்சின் போடும் சத்தத்திலேயே அதற்கு என்ன வருத்தம், எங்கே பழுது என்று சொல்லிவிடுவேன், கணினியைப் பிறகுதான் கொழுவுவேன், இரண்டும் ஒன்றைத்தான் சொல்லும். எல்லாம் என் இரண்டு கையாலே தேடியது, ஒருவனின் தயவும் இல்லை என்று கல்யாண வீடுகளில் சொல்லித் திரிகிறவன் நான். அந்தக் கணக்கில் ஒரு மனிதரை மட்டும் தள்ளி வைக்க வேண்டும். அகதியாக வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்த கையோடு அவருடைய கராஜ் வாசலில் போய் நின்றேன். அப்போதே எண்பதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை ஷெஃப் என்போம், முதலாளிக்கு இங்கே அதுதான் சொல். "என்ன தெரியும்?" என்று கேட்டார். "எல்லாம் தெரியும்" என்றேன். "நல்லதாப் போச்சு, எனக்கு அதில பாதிதான் தெரியும். நாளைக்கு வா" என்றார். அவர் பேசியது ஜெர்மன். என் நினைவில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது.

அவர் ஒரு காலத்துப் பந்தய ஓட்டுநர். சுவரொட்டியில் படம் வந்த ஆள் அல்ல. மீசை முளைக்கும் வயதில் மெக்கானிக்காகப் பந்தயக் காரில் ஏறியவர். அந்த நாளில் காரில் இரண்டு பேர் போவார்களாம். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் மெக்கானிக் குந்தியிருந்து, கையால் பம்ப் அடித்து எஞ்சினுக்குப் பெற்றோல் ஏற்ற வேண்டும். பின்னால் எவனாவது முந்த வந்தால் ஓட்டுநரின் தோளில் தட்ட வேண்டும். ஒரு பந்தயத்துக்கு முதல்நாள் ஓட்டுநருக்குக் கை முறிந்தது. இவர் ஓட்டுநரின் இருக்கைக்கு மாறினார், பிறகு இறங்கவில்லை. யுத்தம் வந்து இடையில் சில வருடங்களைத் தின்றது. அது முடிந்ததும் நொறுங்கிக் கிடந்த வாகனங்களில் இருந்து சாமான் பொறுக்கித் தானே ஒரு கார் கட்டினார். பெரிய கம்பெனிகள் லொறியோடும் ஆட்களோடும் வரும், இவர் ஒரு டிரெய்லரோடும் தன் மகளோடும் போவார். தன் வயதுக்காரர் ஆற்றங்கரையில் தூண்டில் போட்ட காலத்திலும் இவர் மலைப்பாதைப் பந்தயங்களில் பெடியன்களோடு ஏறிக்கொண்டிருந்தார். முதலாவதாக வந்தது குறைவு. வந்த ஒன்றிரண்டு கிண்ணங்களில் நாங்கள் நட்டும் போல்ட்டும் போட்டு வைத்தோம். நானென்றால் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பேன். அவர் பெருமையாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "என்ர சில்லுக்குக் கீழ ஒரு சீவன் போனதில்லை." சனம் பாதையோரத்தில் தடுப்பு இல்லாமல் நின்று பார்த்த காலம் அது. அவரோடு ஓடியவர்களில் சிலருக்கு அந்த வசனத்தைச் சொல்லும் கொடுப்பினை இருக்கவில்லை. அதனாலோ என்னவோ அவர் அதைக் குரலை இறக்கித்தான் சொல்லுவார்.

தேசிக்காய் வைத்த அந்த வருடம், அவர் முந்தி ஓடிய மலைப்பாதை ஒன்றில் பழைய கார்களை ஊர்வலமாக விடப் போவதாகவும், அவர் தான் கட்டிய காரை முன்னால் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்றும் ஏற்பாட்டுக்காரர்கள் கேட்டு வந்தார்கள். மனிதர் பத்து வயது குறைந்தது போல நடந்தார். அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட அவருடைய மகள், எனக்கு அக்கா வயது, ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "அப்பாவுக்குக் கண் தெரியேல்லை எண்டு நினைக்கிறன். கேட்டால் சண்டைக்கு வாறார்." நான் சிரித்தேன். "அவருக்கோ? பாக்காமலே ஸ்பானரை எடுக்கிறார்" என்றேன். "அதுதான். பாக்காமல் எடுக்கிறார். அந்தப் பாதையில ரெண்டு பக்கமும் பிள்ளையளோட சனம் நிக்கும்" என்றாள். அதற்குப் பிறகு கவனித்தேன். கோப்பி ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை விட்டு வைத்திருந்தார். எங்களைக் காலடிச் சத்தத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கராஜ் முழுக்க அவருக்கு மனப்பாடம். மலைப்பாதையில் நிற்கும் சனம் மனப்பாடம் ஆகாது. மகளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

என் மனைவி ஊரிலிருந்து வந்து சேர்ந்த புதிது. இந்தக் கதை ஒன்றும் அவளுக்குத் தெரியாது. பெரிய பயணம் போகும் வாகனத்துக்குத் தேசிக்காய் வைக்காமல் விடுவதா என்று கடையில் வாங்கி வந்து வைத்தாள். ஷெஃப் தோல் தொப்பியோடு வந்தார். மெக்கானிக்காக இருந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம்: ஏறுமுன் காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சில்லுக்கு முன்னாலும் குனிந்து, டயரில் கை வைத்துப் பார்ப்பார். அன்றும் சுற்றி வந்தார். முன் சில்லில் கை வைத்துக் குனிந்து பார்த்தார். தேசிக்காய் அவருடைய சப்பாத்து நுனியில் கிடந்தது. அடுத்ததுக்குப் போனார். அடுத்ததுக்கும். நிமிர்ந்து, "எல்லாம் சரியாக் கிடக்கு" என்றார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மனைவி என் பக்கம் சாய்ந்து, "இஞ்சேருங்கோ, இது என்னத்துக்கெண்டு அந்த மனுசன் ஒண்டும் கேக்கேல்லையே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

எங்கள் ஊர்க் கார்களைப் போல அதற்கும் ஸ்டியரிங் வலப்பக்கம். இடப்பக்கத்து மெக்கானிக் இருக்கையில் நான் ஏறினேன். கார் உருண்டது. பழங்கள் நசிந்தது எனக்கு ஏதோ கல்லில் ஏறின மாதிரிக்கூடத் தெரியவில்லை. அவர் உடனே பிரேக்கை மிதித்து எஞ்சினை நிற்பாட்டினார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"கீழ என்ன போனது?"

"தேசிக்காய், ஷெஃப். எங்கட வழக்கம். பயணத்துக்கு நல்லதெண்டு வைக்கிறது."

"எங்க வைச்சது?"

"சில்லுக்கு முன்னால. நாலுக்கும்."

"என்ன நிறம்?"

"மஞ்சள்" என்றேன்.

புளி வாசம் மேலே ஏறி வந்தது. அவர் கையுறைகளை விரல் விரலாகக் கழற்றி என் மடியில் வைத்தார். "இறங்கி இந்தப் பக்கம் வா" என்றார். அவர் இடப்பக்கத்துக்கு மாறினார். வாழ்க்கையில் முதன்முதல் ஏறிய மெக்கானிக் இருக்கைக்கு.

அந்த மலைப்பாதையில் காரை ஓட்டிப் போனவன் நான். அப்படி ஓட்டிய தமிழன் நான் ஒருவன்தான், அதை யாரும் மறுக்க ஏலாது. சனம் கை தட்டியது. அவர் கை காட்டவில்லை. தலையைப் பின்னால் திருப்பிக் காதைக் கொடுத்தபடி இருந்தார். பின்னால் ஒரு கார் நெருங்கும்போதெல்லாம் என் தோளில் தட்டினார். ஒருமுறையும் பிழைக்கவில்லை. மேலே போய் நின்றதும், "வீட்டுக்கு வீடு நிக்கிற தபால்காரன் மாதிரி ஓடுறாய்" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கராஜுக்கு வருவதைக் குறைத்தார். வந்தாலும் கதவோரக் கதிரையில் இருந்தார், ஸ்பானரைத் தொடவில்லை. குளிர் முடியுமுன் கண்ணை மூடிவிட்டார். அவரையும் அந்தச் சனத்தையும் காப்பாற்றிவிட்டோம் என்று கனகாலம் நினைத்திருந்தேன். காப்பாற்றியது உண்மைதான். ஆனால் அன்றைக்கு ஓட்டுநர் இருக்கையில் இருந்து இறங்கியவர் பிறகு ஒரு இடத்திலும் சரியாக ஏறி இருக்கவில்லை என்பதும் உண்மை.

போன கிழமை என் மகன் மின்சாரக் கார் ஒன்று வாங்கினான். சத்தமே இல்லாத சாமான், அதற்கு நான் என்ன வருத்தம் சொல்வது. முதல் ஓட்டம் அப்பாதான் ஓட வேண்டும் என்று சாவியைக் கையில் தந்தான். மருமகள் தேசிக்காய் வைத்தாள். என் இடது கண்ணில் சில மாதங்களாகச் சாம்பல் நிறத்தில் ஒரு திரை. கண் டாக்டர் தந்த டெர்மின் திகதியை இரண்டு தரம் தள்ளிப் போட்டேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கராஜில் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

நான் காரைச் சுற்றி வந்தேன். குனிந்து பார்த்தேன்.

"பிள்ளை, ஒரு சில்லுக்கு வைக்க மறந்திட்டாய்" என்றேன்.

"இல்லை மாமா, நாலும் வைச்சனான். உங்கட காலடியில கிடக்கு" என்றாள் அவள்.

மகன் சிரித்தான். வாசலில் நின்ற என் மனைவி சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்று பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள். நான் சாவியை மகனின் கையில் வைத்தேன். காரின் மறுபக்கம் போய், கதவின் பிடியைத் தடவித் திறந்தேன்.