வேப்பமரத்தடியில் முதல் அணிவகுப்பு

தொண்ணூறுகளின் கடைசியில், புனேவுக்கு வெளியே ஒரு போலீஸ் பயிற்சி முகாமின் அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தராக இருந்தேன். இருந்தேன் என்றால் முழுசாக இல்லை. பதவி உயர்வு தற்காலிகம். ஆறு மாதம் முடிந்து கமாண்டன்ட் கையெழுத்துப் போட்டால் நாற்காலி என்னுடையது. போடாவிட்டால், நேற்றுவரை நான் அதட்டிக்கொண்டிருந்தவர்களின் பக்கத்தில் போய் மறுபடியும் உட்கார வேண்டும்.

ஐந்தாவது மாதம் முகாமுக்குப் பொன்விழா வந்தது. மாநிலத்தின் ஆரம்ப காலத்து முகாம்களில் ஒன்று என்பதால் அதன் வரலாறு மேலிடத்துக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு படிவம். எப்போது தொடங்கியது, முதல் அணி எங்கே தங்கியது, முதல் அணிவகுப்பு எந்த இடத்தில் நடந்தது என்று வரிசையாகக் கேள்விகள். பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். கரையான் என்னைவிட ஒழுங்காக வேலை பார்த்திருந்தது. கூடாரத்தில் தங்கினார்கள், தண்ணீர் மாட்டுவண்டியில் வந்தது என்பதுவரை கிடைத்தது. முதல் அணிவகுப்பு நடந்த இடம் மட்டும் எதிலும் இல்லை.

எழுத்தர் உத்தியோகத்தில் ஊறியவனுக்கு ஒரு வியாதி உண்டு. படிவத்தில் காலி இடம் விடமாட்டான். விட்டால் விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். எதையாவது எழுதிவிட்டால் ஒருவரும் படிக்கமாட்டார்கள். பேனாவோடு நிமிர்ந்து பார்த்தேன். மைதானத்து ஓரத்தில் பெரிய வேப்பமரம் ஒன்று நின்றது. 'வேப்பமரத்தடியில்' என்று நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பத்து நாள் கழித்து கமாண்டன்ட் கூப்பிட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அருமையான தகவல்" என்றார் மராத்தியில். "அந்த மரத்தடியில் கல்வெட்டு வைக்கிறோம். கல்லில் எழுத்து வெட்டியாகிவிட்டது. முதல் அணியில் இருந்த ஒருவர் ஹடப்சரில் மகன் வீட்டில் இருக்கிறாராம். திறப்பு அவர் கையால்தான்."

அன்று கசார்வாடி வீட்டில் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"என்ன, சாம்பார்ல உப்பு இல்லையா?" என்றாள் மனைவி.

"கல்லுல வெட்டிட்டாங்க."

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். கொஞ்சம் நேரமாயிற்று.

"போய் உண்மையைச் சொல்லிருங்க."

"நாற்காலி போயிரும்."

"அப்போ அந்தப் பெரியவருக்கு எதுவும் நினைவிருக்கக் கூடாதுன்னு சாமி கும்பிடுங்க."

கிண்டலுக்குத்தான் சொன்னாள். நான் கும்பிட்டேன். முன்பின் பார்த்திராத ஒரு மனிதருக்கு ஞாபகமறதி கேட்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மறுநாள் மரத்தின் வயதைக் கண்டுபிடிக்க அதைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்த்தேன். இரண்டு கை போதவில்லை. சந்தோஷத்தில் கன்னத்தைப் பட்டையில் வைத்தபடி நின்றிருக்கிறேன், பயிற்சிக் காவலர்கள் வரிசை ஒன்று கடந்துபோனது. ஹவில்தார் எனக்கு சல்யூட் வைத்தார். தோட்டக்காரரிடம் கேட்டேன். "நான் வேலைக்குச் சேர்ந்தப்போ இது என் இடுப்பளவு சாஹேப்" என்றார். அவர் சேர்ந்து முப்பது வருஷம்கூட ஆகவில்லை.

விழாவன்று காலை பெரியவரை அழைத்துவர ஜீப்பில் என்னைத்தான் அனுப்பினார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், மெலிந்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஞாபகமெல்லாம் எப்படி இருக்கு காகா?" என்றேன் வண்டி கிளம்பியதும், அந்த ஊர் வழக்கப்படி சித்தப்பா முறை வைத்து, நலம் விசாரிக்கிற மாதிரி.

"காலையில மாத்திரை போட்டேனான்னு தெரியல. முகாம்ல சாப்பிட்ட ரொட்டியில எத்தனை கல் இருந்துச்சுன்னு சொல்லவா?"

பிள்ளையார் கைவிட்டுவிட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன்: படிவம், மரம், கல், நாற்காலி. கடைசியில் வெட்கத்தைவிட்டுக் கேட்டேன்.

"மரம் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க காகா. உங்களுக்கு ஒண்ணும் குறையாது."

அவர் வெளியே பார்த்தார். லாரி ஒன்று எங்களை முந்திப் போயிற்று.

"அங்க அப்போ வெறும் பாறை. புல்லுகூடக் கிடையாது. என் பக்கத்துல நின்ன பையன் வெயில்ல சுருண்டு விழுந்தான். மூணு நாள் கழிச்சு அவன் டிரங்குப் பெட்டியை மட்டும் ஊருக்கு அனுப்பினாங்க. நாங்க நிழல்ல நின்னோம்னு நான் எப்படிப்பா சொல்லுவேன்?"

முகாம் வந்தது.

இறங்கியதும் நேராகக் கமாண்டன்டிடம் போனேன். வீரமெல்லாம் இல்லை. பெரியவர் மைக்கில் சொல்லித் தெரிவதைவிட நான் சொல்லித் தெரிவது கொஞ்சம் சின்னச் சாவு, அவ்வளவுதான். அப்படித்தான் அன்று நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்தபோது முதலில் வந்தது அந்த டிரங்குப் பெட்டி. மரம் அப்புறம்தான் வந்தது.

கமாண்டன்ட் கேட்டு முடித்தார். கல்லின் மேல் புதுத் துணி போர்த்தியிருந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் தயாராக நின்றார்கள்.

"துணியை எடுக்க வேண்டாம்" என்றார். "பெரியவரைப் பேசச் சொல்லுங்கள்."

பெரியவர் பேசினார். மரம் என்ற சொல்லே அவர் பேச்சில் வரவில்லை. வெயிலைப் பற்றி, தண்ணீர் வண்டியைப் பற்றி, விழுந்த பையனைப் பற்றி. புதுப் பையன்கள் விறைப்பாக நின்று கேட்டார்கள். நான் பந்தலின் கடைசியில் நின்று கேட்டேன்.

திங்கட்கிழமை என் பதவி உயர்வுக் கோப்பு திரும்பி வந்தது. பதவியை உறுதிசெய்யும் ஆணை இன்னும் ஆறு மாதம் தள்ளிவைப்பு. அதுவரை ஞாயிறுதோறும் ஹடப்சர் போய், பெரியவர் சொல்லச் சொல்ல முகாமின் வரலாற்றை எழுதிவர வேண்டும். ஒரு வரி தவறினாலும் பழைய மேசை.

முதல் ஞாயிறு அவர் பனியனோடு சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். மருமகளிடம், "மரம் நட்டவர் வந்திருக்கார், டீ போடு" என்றார். நான் நோட்டைத் திறந்தேன். அந்தப் பையன் எந்த வரிசையில் நின்றான்? இடமா, வலமா? காலையா, மதியமா? சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னேன். வேறு மாதிரிக் கேட்டேன். மூன்றாவது முறை அதே கேள்வியைக் கேட்டபோது அவர் சுளையைக் கீழே வைத்தார்.

"நம்ம ரெண்டு பேர்ல யாருப்பா போலீஸ்?"