கோமதியின் பங்கு

1. நின்றுபோன தவணை

நான் வங்கியிலிருந்து ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்பு, காரைக்கால் கிளையில் சேமிப்புக் கவுன்டர் என் பொறுப்பில் இருந்தது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் செல்வி வந்து பாஸ்புக்கை வைத்தார். காரைக்கால்மேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து நெரவிப் பக்கம் தெருத்தெருவாக விற்பவர். கணவர் கலியபெருமாள் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்.

“ஆர்.டி.ய மூடிக் குடுத்துருங்க சார்.”

மகள் கோமதி ப்ளஸ் டூ. அடுத்த ஜூலையில் நர்சிங் சேர அறுபதாயிரம் வேண்டும். அதற்காக மாதம் ஆறாயிரம் என்று ஜூன் கடைசியில் நான்தான் ஆர்.டி. போட்டுக் கொடுத்திருந்தேன். இரண்டு தவணை கட்டினார். அடுத்த மூன்றும் நின்றுவிட்டன. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் இரண்டு மாதம் கடல் வருமானம் கிடையாது. அதற்குள் சேர்ந்தால்தான் உண்டு.

“ஒண்ணாந்தேதி ஆனா ஒங்களுக்குச் சம்பளம் வரும். கடலு தேதி பாத்தா குடுக்குது? தவணை தவறிடுச்சுன்னு மெசேஜ் வர்றப்பல்லாம் அவ மூஞ்சியப் பாக்க முடியல.”

போட்டில் வரும் காசை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“டீசல், ஐஸ் கழிச்சுட்டு போட்டுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு. அப்பறம்தான் ஆளுங்களுக்கு.”

“வலை என்ன, சோறா திங்குது?”

“கிழிஞ்சா நீங்களா வாங்கித் தருவீங்க?” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“அப்ப கோமதிக்கும் ஒரு பங்கு போடுங்க.”

“அவளா? கரையில ஒரு கூடைய நகத்தி வைக்க மாட்டா சார்.” சொல்லிவிட்டு யோசித்தார்.

ஆர்.டி.யை மூடினோம். அந்தப் பணத்தோடு, கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற சேமிப்புக் கணக்கைத் தொடங்கினோம். பட்ஜெட் இவ்வளவுதான்: வீட்டுக்கு வரும் காசு அன்றன்றே ஐந்து பங்கு. வீட்டுச் செலவுக்கு மூன்று, நல்லது கெட்டதுக்கு ஒன்று, கோமதிக்கு ஒன்று. அவள் பங்கு மட்டும் இந்தக் கணக்குக்கு வரும். மீன்பாடு நன்றாக இருந்தால் அவளுக்கும் கூடும். பாடு இல்லாத நாளில் அவளுக்கும் இல்லை. தவணை தவறியது என்ற பேச்சுக்கே இடமில்லை.

2. தாய்மாமன் சீர்

மாசியில் கணக்கில் நாற்பதாயிரம் தாண்டியிருந்தபோது கலியபெருமாள் தனியாக வந்தார். பதினைந்தாயிரம் எடுக்க வேண்டுமாம்.

“அக்கா மவளுக்குக் கல்யாணம் சார். தாய்மாமன் வெறுங்கையோட போயி நிக்க முடியுமா?”

ஸ்லிப்பில் செல்வியின் கையெழுத்து இல்லை. அதைச் சொன்னேன்.

“அவகிட்ட கேக்குற தைரியம் இருந்தா ஒங்ககிட்ட ஏன் சார் வர்றேன்?”

உட்காரச் சொன்னேன். நல்லது கெட்டதுப் பங்கில் செலவு போக வீட்டில் எட்டாயிரம்தான் மிச்சம் இருக்கிறது, அது போதாது என்றார்.

“வலைப் பங்குல கேட்டுப் பாத்தீங்களா?”

“வலைப் பங்கயா? அத யாரும் தொட மாட்டாங்க சார்.”

சொன்னவர் ஸ்லிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கிழித்துப் போடவில்லை. செல்வியும் கையெழுத்துப் போட்டு மறுநாளே கொண்டுவந்தால் பணத்தைக் கொடுப்பதைத் தவிர எனக்கு வழியில்லை. அந்த வாரம் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் முடிந்த பிறகு செல்வி வந்தார். கையில் இருந்தது பணம் கட்டும் ஸ்லிப்.

“சீரு எட்டாயிரத்தோட முடிஞ்சுது சார். மோதிரம் இல்லன்னு இவரு அக்கா ரெண்டு நாளு பேசல. மூணாம் நாளு, கொடுவா மீனு இருக்கான்னு போன் பண்ணிட்டாங்க.”

ஸ்லிப்பை வாங்கி முத்திரை குத்தினேன்.

தடைக்காலம் தொடங்கியபோது ஐம்பத்தெட்டாயிரம் சேர்ந்திருந்தது. மிச்சத்தைக் கருவாடு விற்றுச் சேர்த்தார். ஜூலையில் மூவரும் வந்தார்கள். டி.டி.யில் கல்லூரிப் பெயரைக் கோமதி எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். கலியபெருமாள் மின்விசிறிக்குக் கீழே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

வருமானம் ஏறி இறங்கி வருகிறவர்கள் இவ்வளவு ரூபாய் என்று முடிவு செய்ய வேண்டாம், இத்தனையில் ஒரு பங்கு என்று முடிவு செய்யுங்கள். அதைப் பணம் வந்த அன்றே எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு நான் யாருக்குப் பட்ஜெட் போட்டாலும், எவ்வளவு சேர்ப்பீர்கள் என்பதற்கு முன், பணம் எப்படி வருகிறது என்று கேட்டேன்.

“பீஸ் கட்டியாச்சு. இனிமே அந்தப் பங்கு எனக்குத்தான?” என்றார் அன்று கலியபெருமாள், கண்ணைத் திறக்காமலே.

“ரெண்டாம் வருசத்துக்கு யாரு, ஒங்க அக்காவா வந்து கட்டுவாங்க?” என்று சொல்லிக்கொண்டே செல்வி பணம் கட்டும் ஸ்லிப் ஒன்றை எடுத்தார்.