பீரங்கி வண்டிக்கு மூன்று கொட்டேஷன்

கடையில் பொருளைப் பார்த்து வாங்குகிறவர்கள் பாக்கியசாலிகள். அலுவலகத்துக்காக வாங்குகிறவர்களுக்கு முதலில் காகிதம் வரும், பொருள் வந்தால் வரும். கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் திட்ட உதவியாளராக இருந்தேன். பீரங்கி வண்டி ஓட்டுவதைத் திரையிலேயே பழக வைக்கும் ராணுவ ஆராய்ச்சி. ஸ்டீயரிங்கைத் திருப்பினால், திரையில் தெரியும் நிலமும் அந்த நொடியே திரும்ப வேண்டும். அதற்கான கம்ப்யூட்டரை வாங்குவது என் பொறுப்பு. மார்ச்சுக்குள் அது வந்து, ஓடி, ராணுவ அதிகாரி கையெழுத்துப் போட்டால் என் தற்காலிக வேலை நீடிக்கும். இல்லையென்றால் ஏப்ரலில் எங்கள் ஊர் பாலவனத்தத்தில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

மூன்று வேண்டும்

ஸ்டோர்ஸ் சூப்பிரண்டு அருளப்பன் சார், மூன்று கொட்டேஷன் இல்லாமல் துடைப்பம்கூட வாங்கமாட்டார். இந்தக் கம்ப்யூட்டரை உலகத்திலேயே ஒரே கம்பெனிதான் செய்கிறது என்று மூன்று நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார்.

"அதனால என்னம்மா? அந்த ஒரு கம்பெனிகிட்டயே மூணு கொட்டேஷன் வாங்கிட்டு வா."

யார் யார் வருவார்கள்?

கம்பெனி சளைக்காமல் மூன்றும் அனுப்பியது. ஆனால் ராணுவ வேலைக்கு என்றதும் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் அரசாங்கம் உறுதிமொழி கேட்டது: எந்த அறையில் வைப்பீர்கள், உள்ளே யார் யார் வருவார்கள்? விசாரிக்க, மெட்ராஸில் இருக்கும் அவர்கள் தூதரகத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வியர்வையில் தொப்பலாக வந்து இறங்கினார். பெயர்ப் பட்டியலைப் பயந்து பயந்து நீட்டினேன். அதை நம்பாமல் வாட்ச்மேன் கருப்பையாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வெளியாளு ஒருத்தரும் வரமாட்டாக சார். மத்தியானம் மட்டும் ஆடுக வரும். இந்த வெயிலுக்கு அதுக எங்க சார் போகும்?"

பஸ்ஸில்

ராணுவத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிற பிள்ளை என்று அதற்குள் பேர் பரவிவிட்டது. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த நரிக்குடிக்கார அம்மா, தன் தங்கச்சி மகனைப் பட்டாளத்தில் சேர்த்துவிடச் சொன்னார். எனக்கு அங்கே யாரையும் தெரியாது, பெட்டி மட்டும்தான் வாங்குகிறேன் என்றேன்.

"சரி தாயி. அந்தப் பெட்டி வந்ததும் அதுகிட்டயாவது ஒரு வார்த்த சொல்லி வையி."

கையெழுத்து நாள்

பெட்டி மார்ச் கடைசி வாரம் வந்தது. அதிகாரி வரவேண்டிய அன்று காலை, யாரும் வருமுன் நானே ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கைத் திருப்பினால், கண் சிமிட்டும் நேரம் கழித்துத்தான் திரை திரும்பியது. சொன்னால் கையெழுத்து விழாது, வேலை போய்விடும். வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி வந்தார். எங்கள் பேராசிரியர் பெருமையாகக் காட்டினார், கம்பெனி இன்ஜினீயர் கைதட்டினார். "வண்டி ஓட்டுறவங்க யாராவது உட்காரட்டுமே" என்றார் அதிகாரி. கல்லூரி பஸ் டிரைவர் செல்வராஜ் அண்ணன் உட்கார்ந்து, திரையில் விரிந்த கருவேலங்காட்டில் இரண்டு வளைவு போய்ப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். "நான் திருப்புனப்பெறகு இது யோசிச்சுத் திரும்புது சார். இதுல பழகுனவன் நெச வண்டியக் கெணத்துல விட்ருவான்."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"காலையிலேயே தெரியும் சார்" என்று சொல்லிவிட்டேன். ஆர்டர் காகிதத்தை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கச் சொன்னேன். திரையில் படம் வரையும் எலக்ட்ரானிக் கார்டு இரண்டு இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது; திரை தாமதித்தது அதனால்தான். கையெழுத்து விழவில்லை. ஆனால் விட்டுப்போன கார்டு வந்து சேரும்வரை கவனிக்க ஆள் வேண்டும் என்று, அதிகாரி என் வேலையை நீட்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கல்லூரி பஸ்ஸில் ஏறினேன். செல்வராஜ் அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"காலையிலயே தெரிஞ்சும் கேட்டப்பெறகுதான சொன்ன? நீயும் அந்த மிஷினு மாதிரிதாம்மா, லேட்டாத்தான் திரும்புற."

விட்டுப்போன அந்த ஒரு கார்டுக்கும் அருளப்பன் சார் மூன்று கொட்டேஷன் கேட்ட புண்ணியத்தில், என் தற்காலிக வேலை ஒன்றரை வருஷம் ஓடியது.