சாக்குப் பை

விருதுநகர் கடைத்தெருவில் நேற்று சணல் வாசம் மூக்கில் ஏறியதும், இப்போது கல்யாண மண்டபம் நிற்கிற இடத்தில் முன்பிருந்த சாக்குப் பட்டறை கண்ணுக்குள் வந்துவிட்டது. கிழிந்த சாக்குகளை அம்மாவும் மற்ற பெண்களும் வட்டமாக உட்கார்ந்து கோணி ஊசியால் ஒட்டுப்போட, சணல் இழுபடும் சர்சர் சத்தத்துக்கு மேலே அவர்கள் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கேதான் பள்ளிக்கூடத்துக்கு எனக்கான பையை நானே தைத்தேன், அடியில் இரட்டைத் தையல் போட்டு. அதை மாட்டிக்கொண்டு போன முதல் நாளே வகுப்பு முழுக்கத் தும்மல். டீச்சர் பையை வெளியே வைக்கச் சொன்னார். அதைத் தனியே விட மனசில்லாமல் நானும் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

“அடியே, அங்கன அம்புட்டு மல்லிச் சாக்கு கிடக்கையில மிளகாய்ச் சாக்கையா எடுப்ப?” என்று பட்டறையில் பாத்திமாக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அதுலதான் ஓட்டை இல்லக்கா.”

அன்றைக்கே கொத்தமல்லி வந்த சாக்கில் ஓட்டைகளை அடைத்து வேறொரு பை தைத்தேன். மறுநாள் டீச்சர் தள்ளி நின்று மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். போகப் போக வகுப்பே ரசம் கொதிக்கிற அடுப்படி மாதிரி மணத்தது. மத்தியானம் மணி அடிக்குமுன்பே எங்களைச் சாப்பிட விட்டுவிட்டார்.