மகளுக்கென்று ஒரு ஜோடி கையுறை

உல்லன் நூல் வியர்த்த கையில் எப்படி ஒட்டும் என்று தெரிய வேண்டுமானால், ஐப்பசி மாதத்தில் திருச்செங்கோட்டுப் பக்கம் வந்து, கரண்ட் போன மத்தியானத்தில் உட்கார்ந்து ஒரு கையுறை பின்னிப் பார்க்க வேண்டும். நான் ஏழு ஜோடி பின்னினேன். பின்ன நினைத்தது ஒரே ஒரு ஜோடி.

அந்த ஒரு ஜோடி என் மகளுக்கு. மருமகன் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார். போர் போடும் வேலை வடக்கே நிறையக் கிடைக்கிறது என்று சிம்லாவுக்கும் மேலே ஒரு மலை ஊரில் வீடெடுத்துக் குடித்தனம் வைத்துவிட்டார். மகளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரப் பயணம் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒருநாள் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். விரல் முட்டியெல்லாம் வெடித்து, பிளவில் ரத்தம் கோடு கட்டியிருந்தது.

"என்ன சாமி கையி இப்படி இருக்குது?"

"ஒண்ணுமில்லம்மா, பாத்திரம் விளக்குனது."

"கையுறை வாங்கிப் போட வேண்டியதுதானே?"

"வாங்குனேம்மா. வெரலு வீங்கிக் கெடக்குது, உள்ளயே போக மாட்டேங்குது."

போனை வைத்த பிறகும் அந்தக் கை கண்ணை விட்டுப் போகவில்லை. எனக்குக் கொக்கி ஊசி பிடிக்கத் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. போனில் பார்த்துப் பார்த்து, டிவிக்கு மூடி, வாசலுக்குத் தோரணம் என்று பின்னிப் பழகியது. கட்டைவிரலுக்கு ஒரு கூடு, மற்ற நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரே கூடு என்று கையுறை இருப்பதையும் அதில்தான் பார்த்தேன். வீங்கிய விரலுக்கு அதுதான் சரி. ஒன்பதாம் மாதத்தில் நாங்களே கிளம்பிப் போய்க் கட்டுச்சோறு போட்டு, வளையல் அடுக்கி, பிரசவம் முடியும்வரை நான் அங்கேயே தங்குவது என்று பேசி முடித்திருந்தோம். போகும்போது கையுறையும் கையோடு போகட்டும்.

சேலம் கடைவீதிக்குப் போய் நூல் கேட்டேன். கடைக்கார பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம ஊருல உல்லன் நூலு யாருக்கும்மா? ஊட்டிக்குக் குடி போறீங்களா?" என்றார். பஞ்சுமிட்டாய் நிறம்தான் நிறைய இருந்தது. அதையே வாங்கிக்கொண்டேன். அப்படியே நான்கு கடை தள்ளிப் போய், விசேஷத்துக்கு மூன்று டஜன் கண்ணாடி வளையலும் வாங்கினேன். நூலும் வளையலும் ஒரே பையில்தான் வீட்டுக்கு வந்தன. வளையல் உடையாமல் இருக்க நூல் உருண்டைகளுக்கு நடுவில்தான் வைத்தேன். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

முதல் ஜோடி முடிந்த அன்று நங்கை வந்தார். என் கணவருக்கு அக்கா, பக்கத்துத் தெரு. கையுறையை எடுத்துப் பார்த்தார், மாட்டினார், கழற்றவில்லை.

"எனக்குச் சரியாத்தான் இருக்குது கண்ணு."

"அது மலையில இருக்கற நம்ம பாப்பாவுக்குங்க நங்கை."

"அப்ப நானு கையி வெறைச்சுச் சாகட்டும்ங்கறியாக்கும்? அங்க நானுந்தானே வாரேன்?"

எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கைக்குட்டை வாங்கினால்கூட எல்லோருக்கும் வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த மூன்று விசேஷத்திலும் அந்தக் கைக்குட்டை பந்திக்கு வரும். நங்கைக்கு என்றால் அவர் வீட்டுக்காரருக்கும். அவருக்கு என்றால் என் வீட்டுக்காரருக்கும். என் தங்கையும் வருகிறாள். மருமகனுக்கு இல்லாமல் எப்படி? நான் மட்டும் வெறுங்கையோடு போவதா? மகளுடையதையும் சேர்த்து ஏழு.

தினக் காலண்டரில் கிழித்த தாளைக் கொடுத்து, ஆளுக்கொரு கை வரைந்து தாருங்கள் என்றேன். என் கணவர் வரையவே இல்லை. இருபது வருஷம் லாரி ஓட்டியவர்.

"நானு பனியில நின்னு டயரு மாத்துனவன். எனக்கெதுக்குடி இது?"

"அப்ப வேண்டாமுங்களா?"

"வேண்டாம்னு எப்பச் சொன்னேன்? போடு. ஆனா வெரலு தனித்தனியா வேணும். இதென்னமோ முட்டைக்கு ஒறை தெச்சாப்புல இருக்குது. போன் வந்தா எதுல எடுக்கறது, மூக்குலயா?"

தங்கை ஒழுங்காக வரைந்து கொடுத்தாள். ஆனால் பஞ்சுமிட்டாய் நிறம் தன் சேலைக்கு ஒத்துவராது என்று மூன்று நாள் போனில் புலம்பினாள். நங்கை விரலையெல்லாம் மயில் தோகை போல விரித்து வைத்து வரைந்திருந்தார். அவர் எடுத்துக்கொண்டு போன முதல் ஜோடியும் நான்காம் நாளே திரும்பி வந்தது.

"கையி உள்ள போனா ஒரு காத்தோட்டம் வேண்டாமா? மணிக்கட்டுல பிடிக்குது. ரத்த ஓட்டம் நின்னு போச்சுன்னா யாரு பாக்கறது?"

"காத்து உள்ள போகக் கூடாதுன்னுதானுங்க கையுறையே."

"நீ லூசா போடு கண்ணு. சட்டை எடுத்தாலும் நாம லூசாத்தான எடுக்கறது?"

பிரித்தேன். பின்னினேன். மறுபடியும் பிடிக்கிறது என்றார். மறுபடியும் பிரித்தேன். மூன்றாவது தடவை, கோபத்தில், வேண்டுமென்றே ஒரு சின்னப் பூசணிக்காய் நுழைகிற அளவுக்குப் பின்னி, முழங்கை வரைக்கும் இழுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஒனக்குக் கைவேலையே வந்திருக்குது" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நூல் தீர்ந்து, பாய் கடைக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பியாயிற்று.

இத்தனை கூத்தில் மகளுடைய ஜோடி தள்ளித் தள்ளிப் போய் ரயில் ஏறுகிற வாரத்துக்கு வந்துவிட்டது. யாருக்காக ஆரம்பித்தேனோ அவளுக்குத்தான் கடைசி. ஆனால் அதை மட்டும் குறை சொல்ல முடியாதபடி செய்தேன். துப்பட்டா நுனியால் மணிக்கட்டைச் சுற்றி, ஸ்கேலில் வைத்து அளந்து போனில் சொல்லும்படி அவளிடமே சொன்னேன். அந்த அளவுக்கு ஒரு இழை கூடக் குறைய இல்லாமல், உள்ளங்கை தாராளமாக, மணிக்கட்டு மட்டும் இரட்டைப் பின்னலில் கப்பென்று பிடிக்கிற மாதிரி. டெல்லி தாண்டும்போதுதான் கடைசி முடிச்சுப் போட்டேன். புளிக்காய்ச்சல் டப்பாவைக் காலுக்கடியில் இடுக்கிக்கொண்டு நங்கை எதிரில் உட்கார்ந்திருந்தார். "ரொம்பச் சின்னதா இருக்குதே" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். மகள் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்தாள். மரப்பட்டையைத் தொட்ட மாதிரி இருந்தது. உடனே மாட்டிவிட எடுத்தேன். நங்கை விடவில்லை. "புதுசு எதுவானாலும் நாளைக்கு விசேஷம் முடிஞ்சுதான்" என்றார். சரி, ஒரு ராத்திரிதானே.

மறுநாள் கட்டுச்சோறு. எலுமிச்சை, புளி, தயிர், தேங்காய், எள் என்று ஐந்து வகைச் சோறு கிளறினோம். மகளை உட்கார வைத்து, சந்தனம் பூசி, ஆளாளுக்கு வளையல் போட்டோம். நான் கொண்டு வந்த வளையல்தான். நான்தான் முதலில் போட்டேன். சோப்பு நுரை தடவி, வீங்கிய கையை அமுக்கி அமுக்கி ஏற்றினோம். ஒரு கைக்குப் பதினெட்டு. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பாதி வரைக்கும் பச்சையும் சிவப்புமாக அடுக்கி நின்றது. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்து கையுறையை எடுத்து மாட்டினேன். உள்ளங்கை வரைக்கும் ஜோராகப் போயிற்று. மணிக்கட்டுக்கு வந்ததும் முதல் வளையலில் முட்டி நின்றது. வளையலை மேலே தள்ளினேன். பதினெட்டும் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு நூல் அகலம்கூட நகரவில்லை. பின்னலை இழுத்தேன். நான் போட்ட இரட்டைப் பின்னல், இழுத்தாலும் வரவில்லை. விட்டால் கையுறை வழுக்கிக் கழன்று மடியில் விழுந்தது.

"ரெண்டு வளையலக் கழட்டிப்போடலாமாம்மா?" என்றாள் மகள்.

"பிரசவம் வரைக்கும் கழட்டக் கூடாது சாமி," என்றார் நங்கை. என் தங்கையும் அதையே சொன்னாள். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், வேறு யாருடைய மகளாகவாவது இருந்திருந்தால்.

ஒரே பையில் நூலையும் வளையலையும் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தவள் நான். இரண்டு மாதம் ராப்பகலாக மணிக்கட்டு மணிக்கட்டு என்று உயிரை விட்டவள் நான். வளையல் போடப்போகிற கை என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எரிச்சலில் என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பிரிச்சுப் பின்னிப்போடலாம் விடு," என்றார் என் கணவர். அவருடைய ஜோடி இடுப்பில் செருகியபடி இருந்தது, வந்ததிலிருந்து போட்டுக்கொண்டதில்லை. பிரிக்கலாம்தான். வளையலைத் தாண்டுகிற அளவுக்குப் பின்ன மிச்ச நூல் எங்கே? இந்த மலையில் எந்த பாய் கடைக்கு ஆள் அனுப்புவது?

நங்கை தன் கையிலிருந்த ஜோடியைக் கழற்றினார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வலது கையைத் தூக்கி, அந்தப் பூசணிக்காய்க் கையுறையை மாட்டினார். பதினெட்டு வளையலையும் விழுங்கிக்கொண்டு அது முழங்கை வரைக்கும் போயிற்று. இடது கைக்கும் அப்படியே. உள்ளே விரலை மடக்கி நீட்டிப் பார்த்த மகள், "கதகதன்னு இருக்குதுங்க அத்தை," என்றாள்.

"லூசா போடு லூசா போடுன்னப்ப ஒங்கம்மா மூஞ்சியத் தூக்குனா. இப்பச் சொல்லச் சொல்லு."

இனி எந்த விசேஷத்திலும் இந்தக் கதைதான் முதல் பந்தி. கோபத்தில் பெரிதாகப் போட்டேன் என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. என் மகளின் கை உள்ளே இருக்கிறது, அது போதும் என்று என் ஜோடியை எடுத்து நங்கையிடம் நீட்டினேன். போட்டுப் பார்த்தார்.

"பிடிக்குது."

"அப்ப கொண்டாங்க."

"இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் எல்லோரும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். மகளுக்கு நான் ஊட்டிக்கொண்டிருந்தேன். அப்போது நங்கை காதைத் தீட்டிக்கொண்டு மகளின் பக்கம் சாய்ந்தார்.

"ஏங்கண்ணு, வளையல் போடறதே வயித்துல இருக்கற புள்ளைக்குச் சத்தம் கேக்கத்தானே? இத மாட்டிக்கிட்டு ஒரு சத்தமும் கேக்கலையே?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "என்னத்தப் பின்னுனே நீ?"

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக் குலுக்கினாள். நங்கை குனிந்து கேட்டார். நானும் சோற்றுக் கையோடு குனிந்தேன். உல்லனுக்குள்ளிருந்து, எங்கோ தூரத்தில் போல, வளையல் சத்தம் கேட்டது.