ஸ்கீவ பெட்டிகளும் பத்து நிமிடமும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டென்மார்க்கின் இஷொயில் ஒரு சின்ன நெட்வேர்க் கம்பனியில் ஏணி தூக்கத் தொடங்கி, கறுப்புத் திரையில் கொமாண்ட் அடித்துத் தூரத்துப் பெட்டிகளைத் திருத்தும் அளவுக்கு வந்தேன். பெட்டி என்றால் ஆக்சஸ் பாயிண்ட், கூரையில் பூட்டும் வைஃபை பெட்டி. ஸ்கீவ என்ற தூரத்து ஊரின் முதியோர் இல்லத்தில் இருப்பவை எல்லாம் என் கையால் பூட்டியவை.

பெயரும் நானே வைத்தேன். குசினி, பின்வாசல், சாப்பாட்டுமேசை. எல்லாம் தமிழ், எழுத்து மட்டும் ஆங்கிலம். கூட வேலை செய்யும் டெனிஷ் பெடியள் உள்ளே போனால் எது எங்கே என்று விளங்காது. எனக்குத்தான் போன் வரும். வேண்டுமென்றேதான் செய்தேன். தன் இடத்தைத் தானே காக்காவிட்டால் வேறு யார் காப்பார்கள்?

பிறகு சென்னையிலிருந்து கார்த்திக் வந்தான். இன்ஜினியர். வந்த கிழமையே என் பெயர்களைத் திரையில் பார்த்துச் சிரித்தான்.

"பின்வாசலா? சூப்பர் அங்கிள். குசினின்னா என்ன?"

"சமையலறை," என்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அன்று பின்னேரமே முதலாளி லார்ஸ் என்னைக் கூப்பிட்டார். "இனி ஸ்கீவவைக் கார்த்திக் பாக்கட்டும். நீ நாலு மணித்தியாலம் கார் ஓடத் தேவையில்லை."

"ஒருக்கா லைன் அறுந்தால் ஏணியோட நான்தான் போகவேணும்," என்றேன்.

"அப்பிடி நீ போகவேண்டி வந்தால் ஸ்கீவ திரும்ப உன்னட்ட," என்றார்.

அதற்குப் பிறகு அவன் பிழைவிடும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

லைன் அறுந்த நாள்

குசினிப் பெட்டியைப் புதிய நெட்வேர்க்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. கார்த்திக் இருந்த இடத்திலிருந்தே, எஸ்.எஸ்.எச். என்ற தூரவழியாக உள்ளே போனான். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்றேன். முதலில் ஏதோ ஒரு சின்ன வரி அடித்தான், பிறகு பெட்டி எந்த நெட்வேர்க்கில் சேரும் என்று சொல்லும் வீலான் எண்ணை மாற்றினான். திரை அப்படியே நின்றுவிட்டது. தான் உள்ளே போன வழியையே வெட்டிவிட்டான். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற பிழை.

"தம்பி, போயிட்டுது போல?"

"ஆமா அங்கிள். நம்பர் தப்பாப் போட்டுட்டேன்."

நான் கம்பனி வான் வண்டியின் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஏணியைக் கூரையில் கட்டும்போது எனக்குப் பாட்டு வந்தது.

கார்த்திக் ஜன்னலால் எட்டிப் பார்த்தான். "எங்க கிளம்பிட்டீங்க? வாங்க, டீ குடிங்க. பத்து நிமிஷத்துல அதுவே வந்துடும்."

அவன் முதலில் அடித்த சின்ன வரி 'ரீலோட் இன் 10'. பத்து நிமிடத்தில் பெட்டி தானாக அணைந்து எழும்பும். சேமிக்காத மாற்றமெல்லாம் போய்ப் பழைய நிலைக்கு வரும். நான் மேலே ஏறி வரும்போது திரையில் குசினி பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

லார்ஸ் வெளியே பார்த்தார். "வானுக்கு மேல ஏன் ஏணி?"

"கழுவப் போறன்," என்றேன்.

ஸ்கீவ அவனிடமே நின்றது.

அவன் இல்லாத மாதங்கள்

அவனுக்குக் குழந்தை பிறந்து நீண்ட விடுமுறையில் போனபோது ஸ்கீவ என்னிடம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். என் பெயர்களில் ஒன்றைக்கூட அவன் மாற்றவில்லை. அவன் புதிதாகச் சேர்த்த பெட்டிக்கும் 'குசினி-2' என்று வைத்திருந்தான்.

மாற்றியிருந்தால் திட்டியிருக்கலாம். அதற்கும் இடம் வைக்கவில்லை.

சமையல் முடிந்து குசினியைப் பூட்டிய நேரம் பார்த்து, முதலில் 'ரீலோட் இன் 10' அடித்தேன். பிறகு குசினி-2 என்பதை அழித்து என் சொந்தப் பெயரைப் போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சேமிக்கச் சொல்லும் கொமாண்டை எழுதி, என்டரில் விரலை வைத்துக்கொண்டு ஒரு தேநீர் குடித்தேன்.

அடிக்கவில்லை. பெட்டி அணைந்து எழும்பியது. குசினி-2.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: எதை மாற்றுவதற்கு முன்னும் திரும்பிவர ஒரு வழி வைத்துவிட்டு மாற்றுங்கள். இதை இப்போது எங்கள் கம்பனியில் என்னைப்போல் தவறாமல் செய்கிறவன் வேறு யாருமில்லை, கார்த்திக் உட்பட.